முஸ்ரிபா கேட்ட நாற்காலி

முஸ்ரிபாவைப் பிடிக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் கராங்செமியில் ஒருவர்கூட இல்லை. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. வாயைத் திறந்தால் நாலு பேர் மனசு புண்படும், மூடினால் அவள் மனசு புண்படும். அதனால் திறந்தே வைத்திருந்தாள்.

அந்த வாய் பிறவியில் வந்ததல்ல. சுகார்தியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தபோது தலை நிமிராத பெண்ணாகத்தான் வந்தாள். அப்போது இங்கே இறால் குளங்கள் இருந்தன. வரப்பில் தென்னை நின்றது. பள்ளிவாசலுக்குக் கால் நனையாமல் போகலாம். பிறகு கடல் ஏற ஆரம்பித்தது. முதலில் குளத்தைத் தின்றது, அப்புறம் சாலையை, அப்புறம் மையவாடியில் கிடந்த முன்னோரை. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் எல்லாரும் மண்ணடித்துத் தரையை உயர்த்தினோம். மறுபடி வந்தது, மறுபடி உயர்த்தினோம். கூரையை உயர்த்த யாரிடம் காசு இருந்தது? தரை ஏற ஏற வாசல் குட்டையாகிக்கொண்டே போனது. இன்றைக்குக் கராங்செமியில் யார் வீட்டுக்குள் போனாலும் குனிந்துதான் போக வேண்டும். முஸ்ரிபா தினமும் நெற்றியை இடித்துக்கொள்வாள், தினமும் திட்டுவாள். வாசற்காலைத் திட்டுவாள், கடலைத் திட்டுவாள், சர்க்காரைத் திட்டுவாள், கடைசியில் எதிரே உட்கார்ந்திருக்கும் புருஷனைத் திட்டுவாள்.

சுகார்தி பாவம்தான். படகு இன்ஜினைத் தனியாகத் தூக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டது, பிடித்தது விடவே இல்லை. கூட வந்துகொண்டிருந்த ஆட்கள் செருப்புத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் பார்த்தாள் முஸ்ரிபா. ஒரு விடியலில் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு நண்டுப் பொறிகளைப் படகில் ஏற்றினாள். பெண் ஏறிய படகில் மீன் படாது என்று எங்கள் கடற்கரையில் ஒரு நம்பிக்கை உண்டு. துறையில் நின்ற ஆண்கள் அதை அவள் காதில் விழும்படியே சொன்னார்கள்.

"மீனுக்கு என்னைக் கண்டா பயம்னா நண்டு பிடிச்சுக்கறேன்" என்றாள். "உங்களைக் கண்டா உங்க வீட்டுப் பூனைகூட பயப்படாது. நகருங்க."

அன்றிலிருந்து அந்தப் படகுதான் அவளுக்கு எல்லாம். நீலச் சாயம் பூசி, ஓட்டையெல்லாம் தானே அடைத்து வைத்திருந்தாள். பதிவு மட்டும் புருஷன் பெயரில் இருந்தது. அவளுடைய அடையாள அட்டையில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று போட்டிருந்தார்கள். அரசியாம்! குனிந்து நுழைகிற அரண்மனை.

இப்படி இருக்கும்போதுதான் ஊரை இடம் மாற்றுகிற பேச்சு வந்தது. சர்க்கார் நிலம் தருமாம். ஒன்று, உள்ளே வெகுதூரம் தள்ளி, வயல்களுக்குப் பின்னால், தொழிற்சாலைப் பக்கம் உள்ள மேடு. இன்னொன்று, ஆற்று முகத்துவாரத்தில் ஒரு திட்டு. திட்டு சின்னது, ஈரமானது. ஆனால் அங்கே படகு கட்டலாம். ஊர்த்தலைவர் மஸ்கூரி, எங்கள் வழக்கில் பாக் லூரா, தன் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார். அழைப்பு குடும்பத் தலைவர்களுக்கு. தலைவர் என்றால் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கும் அங்கே வேலை இருந்தது, பின்கட்டில். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பது, டீ போடுவது. அன்றைக்கு டீத் தட்டு தூக்கும் முறை முஸ்ரிபாவுடையது.

தட்டோடு வாசற்படியில் நின்றவள் காதில் மேடு, மேடு என்றே விழுந்தது. திட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "படகை எங்க கட்டுறதுன்னு யாராவது கேட்டீங்களா?"

பாக் லூரா கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ரகம் இல்லை, அதுதான் அவரிடம் பெரிய கெட்ட குணம். புன்னகையோடு, அம்மாவுக்கு நாங்கள் சொல்லும் மரியாதைச் சொல்லையும் சேர்த்து, "இபு முஸ், டீ ஆறுது" என்றார்.

கூடமே சிரித்தது. சுகார்தியும் சிரித்தான்.

அன்று அவனை அவள் சும்மா விடவில்லை.

"நீங்களும் சிரிச்சீங்க."

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் உம்முனு இருக்கவா?"

"கையும் தூக்குனீங்க. மேட்டுக்கு."

"என் முதுகு எனக்குத்தான தெரியும். சாகறதுக்குள்ள காஞ்ச தரையில படுக்கணும்னு இருக்கு, முஸ்."

"அந்த முதுகுக்குத் தைலம் எங்கருந்து வருது? நான் கொண்டுவர்ற நண்டுலருந்து வருது. மேட்டுல நண்டு முளைக்குமா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது. இறுதி முடிவு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் படகை விறகுக்கு விற்க வேண்டியதுதான்.

அந்த நாட்களில் நகரத்திலிருந்து ஆயுத்யா என்றொரு பெண் வந்துபோய்க்கொண்டிருந்தாள். பெண்கள் அமைப்பு ஒன்றில் வேலை. வெள்ளிக்கிழமை பிற்பகல் பெண்கள் யாசீன் ஓதி முடித்ததும் மதரஸாவில் உட்கார வைத்துப் பேசுவாள். கொள்ளைநோய் வந்தாலும் சரி, விலை ஏறினாலும் சரி, கடல் ஏறினாலும் சரி, உலகத்தில் எந்த நெருக்கடி வந்தாலும் அதைக் கடைசியில் சுமப்பது பெண்களுடைய கூலியில்லாத உழைப்புதான் என்றாள். தண்ணீர் தூக்குவது, நோயாளியைப் பார்ப்பது, நனைந்ததைக் காய வைப்பது, இதையெல்லாம் யாரும் வேலை என்றே எண்ணுவதில்லை என்றாள். உண்மைதான். உண்மையை ஒரு சின்னப் பெண் காய்ந்த காலணியோடு வந்து சொன்னதுதான் முஸ்ரிபாவுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் கூட வந்திருந்த தோழி ஒருத்தி, பெண்ணும் இயற்கையும் ஒன்று, கடல் நம் தாய் என்று கண் கலங்கப் பேசினாள்.

"தாயா?" என்றாள் முஸ்ரிபா. "என் வீட்டை முழுங்கிட்டு இன்னும் பசிங்கறா. மாமியார்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

பெண்கள் சிரித்து உருண்டார்கள். ஆயுத்யாவும் சிரித்தாள். அதற்காக மட்டும் முஸ்ரிபா அவளைக் கொஞ்சம் மன்னித்தாள்.

தூரதேசங்களில் பெண்கள் ஒருநாள் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கிய கதையை ஆயுத்யா சொன்னாள். நாம் நின்றால் உலகம் நிற்கும் என்றாள். ஊர்ப் பெண்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, துணி துவைப்பதில்லை, தண்ணீர் இறைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

உலகம் நிற்கவில்லை. ஆண்கள் கடையில் போய் நூடுல்ஸ் தின்றார்கள். துணியைப் பெண்பிள்ளைகள் துவைத்தார்கள். கட்டில் காலைத் தண்ணீர் தொட்டபோது பாயைத் தூக்கி மேலே வைக்கப் பெண்கள்தான் ஓடினார்கள், ஏனென்றால் நனைந்தால் காய வைப்பதும் அவர்கள்தான். மறுநாள் இரண்டு நாள் வேலை காத்துக்கொண்டிருந்தது. தெருவில் நின்றவர்கள், "இபு, ஸ்டிரைக் முடிஞ்சுதா, எங்களுக்குத் தெரியவே இல்லையே" என்று கேலி செய்தார்கள்.

"நல்லா இருக்கு தங்கச்சி உன் போராட்டம்" என்று முஸ்ரிபா ஆயுத்யாவிடம் பாய்ந்தாள். "நாலு சுவத்துக்குள்ள நான் நின்னா என்ன, நடந்தா என்ன, யாருக்குத் தெரியும்? ஊருக்கு நடுவுல நிக்கணும்."

"ஊருக்கு நடுவுல நீங்க எல்லாரும் சேர்ந்து செய்யற வேலை என்ன இருக்கு அக்கா?"

அந்தக் கேள்விக்குப் பதிலை மதரஸாவில் இருந்த எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். ரெவாங். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவரவர் கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெங்காயம் உரிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை அவர்கள்தான். கூலி கிடையாது. போகாதவள் ஊரில் இல்லாதவள் மாதிரி. அவள் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கு யாரும் வரமாட்டார்கள். பெருநாள் முடிந்த கையோடு, முடிவுக் கூட்டத்துக்கு முந்தின வாரம், பாக் லூராவின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து சமையல்காரர்களைக் கூப்பிடலாம் என்றால் வண்டி எங்கே வரும்? கடல் ஏறினால் எங்கள் சாலை படகுத் துறையாகிவிடும்.

"யாரும் போகாதீங்க" என்றாள் முஸ்ரிபா.

பாக் லூராவின் மனைவி, இபு குஸ்னுல், வழக்கப்படி வீடுவீடாகத் தானே வந்து அழைத்தாள். புடவைத் துணி மாதிரி மெல்லிய முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, கைலி ஓரம் நனைய நனைய ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நுழைந்தாள். எங்கள் ஊரில் அழைக்க வந்தவளின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லுகிற வழக்கம் இல்லை. "கண்டிப்பா வர்றோம் இபு" என்றார்கள் எல்லாரும். முஸ்ரிபாவும் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

விஷயம் தெரிந்ததும் ஆயுத்யா பதறினாள். "அக்கா, கோரிக்கையை முன்னாடியே சொல்லணும். சொல்லாம நிறுத்தினா அது போராட்டமில்ல, வஞ்சம்."

"சொன்னா அந்தாளு உஷாராயிடுவாரு. உனக்கு எங்க ஊரு தெரியாது, வாயை மூடிக்கிட்டு இரு."

கல்யாணத்தன்று காலை ஒலிபெருக்கி டங்டுட் குத்துப்பாட்டு போட்டது. ஒரு பெண்ணும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக் லூராவின் வீட்டு முன்பந்தல் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. முஸ்ரிபாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஆளின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தாள். நல்ல எண்ணத்தோடு போனாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பந்தலில் பாக் லூரா பாட்டிக் சட்டையில் வட்டார அதிகாரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. முஸ்ரிபாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மனுஷனுக்குச் செய்தியே எட்டவில்லை!

பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே அரிசி மூட்டை கிடந்தது, உரிக்காத கோழிகள் கிடந்தன, சின்ன வெங்காயம் மலைபோல் கிடந்தது. நடுவில் இபு குஸ்னுல் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தனியாக. பக்கத்தில் கல்யாணப் பெண், தலையில் மல்லிகைச் சரத்தோடு, மருதாணிக் கையால் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தது. முகத்தில் பூசிய பவுடரெல்லாம் கண்ணீரில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

குஸ்னுல் நிமிர்ந்தாள். "வேடிக்கை பாக்க வந்தியா? வா. நல்லாப் பாரு."

முஸ்ரிபாவின் வாய் அன்றைக்கு முதல்முறையாகத் தடுமாறியது. "இது உங்களுக்குச் செஞ்சது இல்ல. உங்க வீட்டுக்காரருக்குச் செஞ்சது."

"அப்படியா? அவருக்கு எங்க வலிக்குது, காட்டு. 'அடுப்படியில ஒருத்தியும் வரல'ன்னு போய்ச் சொன்னேன். 'பொம்பளைங்க விஷயம், நீயே பாத்துக்க'ன்னு போயிட்டாரு. வர்றோம்னு என் மூஞ்சியைப் பாத்துப் பல்லைக் காட்டுனியே, அப்பவே காறித் துப்பியிருக்கலாம் நீ."

"கூட்டத்துல எங்களுக்கு நாற்காலி வேணும். கையைத் தூக்குற உரிமை வேணும். அதை அவரைச் சொல்லச் சொல்லுங்க, கொஞ்ச நேரத்துல அத்தனை பேரையும் கூட்டிட்டு வர்றேன்."

"நாற்காலியா? இதுக்கா?" குஸ்னுல் கத்தியைப் பலகையில் குத்தினாள். "அந்தக் கூட்டத்துக்கு டீ போட்டவ யாருடி? நான். என் வீட்டுக் கூடம் அது. எனக்கே அங்க நாற்காலி கிடையாது. என்கிட்ட வந்து கேட்டிருந்தா என்ன கொள்ளை? லூரா பொண்டாட்டின்னா பொம்பளை கணக்குல வராதா?"

அடி விழ வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் விழுந்துவிட்டது என்பது முஸ்ரிபாவுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அப்போதும் கேட்கவில்லை. கூட உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தான் கத்தி கொண்டுவரவில்லையே என்று மட்டும் தோன்றியது.

குஸ்னுல் எழுந்தாள். ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். புகை கிளம்பியது. மகளின் கையைப் பிடித்து எழுப்பி முகத்தைத் துடைத்துவிட்டாள். வெங்காய வாடைக் கையோடு நேரே பந்தலுக்குப் போய், வட்டார அதிகாரிக்குப் பக்கத்தில், புருஷனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பாக் லூரா குனிந்து காதில் ஏதோ கேட்டார். அவள் குரலைத் தாழ்த்தாமல், "அடுப்படியில ஆள் இல்ல" என்றாள். "நானும் இல்ல."

அப்போதுதான் அந்தப் புன்னகை கழன்று விழுந்தது. அவர் பின்கட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று தண்ணீரில் போயிற்று.

"இபு முஸ், கல்யாணம் முடியட்டும், அப்புறம் உக்காந்து பேசலாம்."

"சோறு ஆறுது பாக் லூரா" என்றாள் முஸ்ரிபா. இத்தனை நாள் அந்த வார்த்தையை எங்கே வைத்திருந்தாளோ! "சோறே இல்லங்கறது வேற விஷயம். மைக்குல சொல்லுங்க. அதிகாரி கேக்கட்டும்."

சொன்னார். எப்படிச் சொன்னார் என்கிறீர்கள்? காலத்தின் தேவையை உணர்ந்து, பெண்களின் பங்கை மதித்து, ஊரின் முடிவுக் கூட்டத்தில் அவர்களுக்கும் சம உரிமை அளிக்கத் தாமே முன்வந்திருப்பதாகச் சொன்னார். அதிகாரி கைதட்டினார். வெட்கம் கெட்ட பேச்சு. ஆனால் ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. ஒவ்வொரு குட்டை வாசலிலிருந்தும் ஒருத்தி குனிந்து வெளியே வந்தாள், பலகையும் கத்தியும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. விருந்து தாமதமானது, கோழிக் குழம்பில் உப்புத் தூக்கல், யாரும் குறை சொல்லவில்லை. முஸ்ரிபாவும் குஸ்னுலும் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள்.

அடுத்த வாரம் கூட்டம். கூடத்தில் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சிலர் விளிம்பில், எழுந்து ஓடத் தயாராக. முஸ்ரிபா முன்வரிசையில், இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு. ஆயுத்யா சுவரோரம் நின்றாள்.

திட்டுக்கு ஆதரவாக முஸ்ரிபா பேசினாள். நன்றாகவே பேசினாள். கடலை விட்டுப் போனால் நாம் வெறும் கூலிகள் என்றாள். பிறகு குஸ்னுல் எழுந்தாள்.

"நாளைக்கு என் மக பிரசவத்துக்கு வருவா. தண்ணிக்குள்ள தொட்டில் கட்ட என்னால முடியாது. திட்டும் ஈரம்தான். நான் மேட்டுக்குத்தான் கை தூக்குவேன்."

ஒருத்தி காலில் ஆறாத சேற்றுப்புண்ணைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி உப்புக் கரிக்கும் கிணற்றைப் பற்றி. கை தூக்கச் சொன்னபோது முஸ்ரிபா திரும்பிப் பார்த்தாள். மேட்டுக்குத்தான் ஏறக்குறைய எல்லாக் கையும். அவள் பேச்சைக் கேட்டுக் கத்தியைத் தொடாமல் இருந்த கைகள். தன்னைப் பார்க்காமலே சுகார்தி தூக்கிய கையும் அதில் இருந்தது. திட்டுக்கு அவளோடு படகு வைத்திருக்கும் நாலைந்து பேர்தான்.

"துரோகிங்களா!" என்று கத்தினாள். "இதுக்கா உங்களுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தேன்?"

"உன் படகுக்காக நான் என் அடுப்பை அணைக்கல முஸ்" என்றாள் குஸ்னுல். "எனக்காக அணைச்சேன். உன் இஷ்டத்துக்குத்தான் கை தூக்கணும்னா, அதுக்கு உன் புருஷன் போதுமே, அந்த மைக் பிடிச்ச மகராசன் போதுமே."

வந்தது அழுகையா ஆத்திரமா என்று முஸ்ரிபாவுக்கே தெரியவில்லை. எழுந்தாள். வாசல்வரை போனாள். பின்னால் பாக் லூராவின் குரல் பழைய இனிப்போடு கேட்டது: "அப்போ முடிவாச்சு. நல்லபடியா முடிஞ்சுது. டீ கொண்டுவரச் சொல்லுங்கப்பா."

யாரும் அசையவில்லை. அவர் வாசற்படியைப் பார்த்தார். அங்கே முஸ்ரிபா நின்றுகொண்டிருந்தாள், தட்டு இல்லாமல். அவளுடைய நாற்காலி காலியாகக் கிடந்தது.

அவள் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள்.

"மேட்டுக்குப் போறோம். சரி. தோத்துட்டேன்" என்றாள். "எங்க படகுங்களை எங்க கட்டுறது? மேட்டுலருந்து விடியறதுக்கு முன்னாடி நாங்க துறைக்கு வர வண்டி எது? அதைப் பேசி முடிக்காம இங்க எவனும் டீ குடிக்க முடியாது."

"அதானே" என்றாள் குஸ்னுல், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

பாக் லூரா மறுபடி பின்கட்டைப் பார்த்தார். அங்கே யாரும் அடுப்பே மூட்டியிருக்கவில்லை.